பாட்டை நிறுத்தியும் ஸ்பீக்கர் நிற்கவில்லையா? வீட்டு ஸ்டீரியோ இரைச்சலைப் பிடிப்பது எப்படி

பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால், முதலில் செய்யக் கூடாத காரியம் கடைக்குப் போய் விலை கூடின பவர் கேபிள் வாங்குவது. விற்பவர் நல்லவராகவே இருக்கலாம், கேபிளும் நல்ல கேபிளாகவே இருக்கலாம், ஆனால் பெரும்பாலான வீடுகளில் இந்த இரைச்சலுக்கும் கேபிளின் விலைக்கும் சம்பந்தமே இல்லை. பெட்டிகளை ஒன்றோடொன்று எப்படி மாட்டியிருக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்து, எதைக் கழற்றும்போது சத்தம் நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு டார்ச் லைட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

பினாங்கில் இருக்கிறேன், அதனால் இங்கே சொல்வது நம் ஊர் கரண்டு, நம் ஊர் பிளக், நம் ஊர் ஈரக்காற்று எல்லாவற்றையும் கணக்கில் வைத்துத்தான். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கும் இதேதான் பொருந்தும், கடல் காற்றை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் காதைக் கொடுங்கள்

நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க வீடியோக்களில் 60, 120 என்று பேசுவார்கள், நமக்கு அது 50, 100. ஆழமாக, மிருதுவாக, வயிற்றில் உணரும்படி ‘ம்ம்ம்’ என்று வந்தால் அது 50 ஹெர்ட்ஸ் பக்கம்: எர்த் வளையம் (என்னவென்று கீழே சொல்கிறேன்), கழன்ற எர்த் வயர், பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இவற்றில் ஒன்று. கொஞ்சம் முரட்டுத்தனமாக, வண்டு சுற்றுவதுபோல் ‘ஸ்ர்ர்ர்’ என்று வந்தால் 100 ஹெர்ட்ஸும் அதற்கு மேற்பட்டவையும்: ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளை, டிம்மர், அடாப்டர் என்று சந்தேகப்படலாம். ஃபோனில் இலவசமாகக் கிடைக்கும் டோன் ஜெனரேட்டரில் 50, 100 இரண்டையும் ஹெட்ஃபோனில் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இதை முழுதாக நம்பிவிடவும் வேண்டாம். சின்ன ஸ்பீக்கர்கள் 50 ஹெர்ட்ஸை ஒழுங்காகக் கொடுக்காது, அதன் மேல் மடங்குகளைத்தான் கொடுக்கும், அதனால் எர்த் வளையம்கூடச் சின்ன ஸ்பீக்கரில் முரடாகத்தான் கேட்கும்.

அப்புறம், சத்தம் உண்மையிலேயே ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். ஆம்ப் பெட்டியே உறுமுவதும் உண்டு, அது வேறு கதை, பின்னால் வருகிறேன்.

இப்போது வால்யூமைத் திருகுங்கள். ஏற்றினால் இரைச்சலும் ஏறுகிறது, இறக்கினால் இறங்குகிறது என்றால் அது வால்யூம் குமிழுக்கு முன்னாலிருந்து வருகிறது, அதாவது வெளியே மாட்டியிருக்கும் ஏதோ ஒரு பெட்டி அல்லது வயர். வால்யூம் சுழியத்தில் இருந்தாலும் அதே அளவில் சத்தம் இருந்தால் ஆம்ப் உள்ளேதான் பிரச்சினை என்று சந்தேகப்படலாம். அடுத்து செலக்டரைத் திருப்பிப் பாருங்கள், சிடிக்கு வைத்தால் அமைதி, டிவிக்கு வைத்தால் இரைச்சல் என்றால் பாதி வேலை முடிந்தது. செலக்டர் எதில் இருந்தாலும் ஒரே மாதிரி இருந்தால் அவசரப்பட்டு ஆம்ப்பைக் குறை சொல்லாதீர்கள், ஏனென்றால் பல ஆம்ப்களில் செலக்டர் சிக்னல் ஊசியை மட்டும்தான் மாற்றும், எல்லா உள்ளீடுகளின் கவசமும் (சிக்னல் வயரைச் சுற்றியிருக்கும் உலோக உறை) உள்ளே எப்போதும் சேர்ந்தே இருக்கும். நீங்கள் கேட்காத பெட்டிகூட வளையம் போட முடியும்.

எல்லாவற்றையும் கழற்றி, ஒன்றொன்றாக மாட்டுவது

ஆம்ப்பை அணைத்துவிட்டு, பின்பக்கம் இருக்கும் எல்லா உள்ளீட்டு வயர்களையும் எடுத்துவிடுங்கள். அணைத்துவிட்டுத்தான். ஆம்ப் ஓடும்போது ஆர்சிஏ வயரை (நடுவில் ஊசி, சுற்றி உலோக வளையம் உள்ள வழக்கமான ஆடியோ வயர்) பிடுங்கினால் வெளி வளையம் முதலில் விலகி, நடு ஊசி தொட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரு கணத்தில் ‘பாம்’ என்று வெடிக்கும், ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்) போனாலும் போய்விடும். ஆன்டெனா, நெட்வொர்க் வயர், எச்டிஎம்ஐ எதுவும் ஆம்ப்பில் இருக்கக் கூடாது, ஸ்பீக்கர் மட்டும் இருக்கட்டும். வால்வ் ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களில் ஓடும் பழைய வகை) வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கரைக் கழற்றி ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிடும்.

இப்போது ஆம்ப்பைப் போடுங்கள். அமைதியா? ஆம்ப் நல்ல ஆம்ப். அணைத்து, ஒரே ஒரு பெட்டியின் ஆர்சிஏவை மாட்டுங்கள், ஆனால் அந்தப் பெட்டியின் பவர் பிளக் சுவரில் இருக்க வேண்டாம். கேளுங்கள். பிறகு அதன் பவரையும் மாட்டிக் கேளுங்கள். இப்படியே அடுத்தது. பவர் மாட்டின உடனே இரைச்சல் வந்தால் எர்த் வளையம் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம். பவர் இல்லாதபோதே ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் பலமாக வந்தால் அந்த ஆர்சிஏ வயரின் கவசம் அறுந்திருக்கும், வேறு வயர் மாற்றிப் பாருங்கள். இடது வலதை மாற்றி மாட்டினால் இரைச்சலும் பக்கம் மாறுகிறதா என்று பார்ப்பதும் நல்ல வழி.

பினாங்கில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளில் ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையம் கறுத்துப் போவது சாதாரணம். மாட்டின பிளக்கை அப்படியே நாலு முறை சுழற்றினாலே பல சமயம் சரியாகிவிடும், இல்லாவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். இதைச் செய்யாமல் புது வயர் வாங்கி மாட்டினால், மாட்டும்போது ஏற்படும் உரசலில் துரு போய்ச் சத்தம் நிற்கும், பேர் என்னவோ புது வயருக்குப் போகும்.

எர்த் வளையம் என்றால் என்ன, அதை எப்படி உடைப்பது

ஆம்ப்பில் மூன்று பின் பிளக், கம்ப்யூட்டரிலும் மூன்று பின் பிளக். இரண்டின் இரும்பு உடலும் சுவருக்குள் ஓடும் எர்த் வயர் வழியாக ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அதற்கு மேல் ஆர்சிஏ வயரின் கவசமும் இரண்டையும் சேர்த்துவிடுகிறது. ஆக ஒரு முழு வளையம். சுற்றியுள்ள மின்வயர்களின் காந்தப்புலம் இந்த வளையத்தில் சின்னதாக ஒரு மின்னோட்டத்தைத் தூண்டும், இரண்டு சாக்கெட்டுகளின் எர்த் சில மில்லிவோல்ட் வேறுபட்டிருந்தாலும் அதே கதைதான். சிக்னல் திரும்பிப் போகும் அதே கவசத்தில் இந்த மின்னோட்டமும் ஓடுவதால், ஆம்ப் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெருக்கிக் கொடுக்கிறது.

முதல் மருந்து காசில்லாதது. ஸ்டீரியோ சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டுங்கள். வளையம் சுருங்கிவிடும், எர்த் வேறுபாடும் கிட்டத்தட்டப் போய்விடும். 13 ஆம்பியர் பிளக் ஒன்று சுமார் 3000 வாட் தாங்கும், ஸ்டீரியோவும் டிவியும் சேர்ந்தாலும் அதன் பக்கத்தில்கூடப் போகாது, அதே எக்ஸ்டென்ஷனில் கெட்டிலை மாட்டாதவரை. சிரிம் தரச்சான்று முத்திரை உள்ள எக்ஸ்டென்ஷனாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது செய்யவே கூடாதது: எர்த் பின்னை உடைப்பது, பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் வயரைக் கழற்றுவது. சத்தம் நிற்கும், அதுதான் இதில் இருக்கும் ஆபத்து, வேலை செய்கிறது என்று அப்படியே விட்டுவிடுவார்கள். உள்ளே லைவ் வயர் கழன்று உடலைத் தொட்டால், எர்த் இருந்தால் கரண்டு அதன் வழியாகப் போய் இஎல்சிபி (கரண்டு கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழும். எர்த் இல்லாவிட்டால் அந்த இரும்பு உடல் யாராவது தொடும்வரை காத்துக்கொண்டிருக்கும், ஆர்சிஏ கவசம் வழியாக மற்ற பெட்டிகளின் உடலும்கூட. ஒரு இரைச்சலுக்காக இந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. இதே வகையில் நம் ஊரில் இன்னொரு பழக்கம் இருக்கிறது: ஜப்பானிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்த இரண்டு பின் பிளக்கை, சாக்கெட்டின் எர்த் ஓட்டையில் பேனாவையோ டெஸ்ட்பென்னையோ குத்தித் திறந்து சொருகுவது. எர்த் பின் நீளமாக இருப்பதே மற்ற இரண்டு ஓட்டைகளை மூடியிருக்கும் கதவைத் திறக்கத்தான். சரியான அடாப்டர் சில வெள்ளிதான்.

டிவியும் டிஷ் வழியாக வரும் ஆஸ்ட்ரோவும்தான் என் கணக்கில் முதல் குற்றவாளிகள். காண்டோவிலும் அடுக்குமாடியிலும் மாடியில் ஒரே டிஷ், அங்கிருந்து கோஆக்ஸ் வயர் எல்லா வீட்டுக்கும் இறங்கும், அதன் கவசத்துக்கு எர்த் எங்கோ மேலே. உங்கள் சாக்கெட்டின் எர்த் வேறு. டிகோடர் (டிஷ் சிக்னலைப் படமாக மாற்றும் பெட்டி) வழியாக இரண்டும் உங்கள் ஆம்ப்பில் வந்து சந்திக்கின்றன. சோதிப்பது சுலபம்: டிகோடரின் பவரை எடுத்துவிட்டு, அதன் பின்னால் திருகியிருக்கும் கோஆக்ஸைக் கழற்றுங்கள், ஆர்சிஏ மட்டும் ஆம்ப்பில் இருக்கட்டும், இரைச்சல் டக்கென்று நின்றால் அதுதான். சிலர் உடனே உலோகத் தொடர்பை அறுக்கும் கோஆக்ஸ் ஐசொலேட்டர் ஒன்றை வாங்கி நடுவில் போடுவார்கள், படம் போய்விடும். ஏனென்றால் டிகோடர் அதே வயர் வழியாகத்தான் டிஷ்ஷில் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி என்ற சின்னப் பெட்டிக்கு 13 அல்லது 18 வோல்ட் டிசி அனுப்புகிறது, சாதாரண ஐசொலேட்டர் டிசியை மறித்துவிடும். 2019 அக்டோபர் 31 அன்று அனலாக் ஒளிபரப்பு நின்ற பிறகு மைஃப்ரீவியூ என்ற இலவச டிஜிட்டல் டிவிக்கு ஆன்டெனா வைத்திருப்பவர்களுக்கு, ஆன்டெனாவில் பூஸ்டர் இல்லாதவரை, ஐசொலேட்டர் வேலை செய்யும். டிஷ்ஷின் எர்த் வயரை மட்டும் யாரும் தொடாதீர்கள், இடியும் மின்னலும் நமக்கு வாராவாரம் வரும் விருந்தாளி.

டிஷ் உள்ளவர்களுக்கு நல்ல வழி ஆப்டிக்கல் வயர். டிவியின் பின்னால் சிவப்பு விளக்கு எரியும் அந்தச் சின்ன சதுர ஓட்டை. அதில் ஓடுவது ஒளி, உலோகம் கிடையாது, வளையம் அங்கேயே அறுந்துவிடும். டிவி செட்டிங்கில் ஆடியோவை பிசிஎம் என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் சத்தமே வராமல் போகலாம். ஆம்ப்பில் ஆப்டிக்கல் இல்லையென்றால் டிஜிட்டலைச் சாதாரண ஆடியோ சிக்னலாக மாற்றும் ஒரு சின்ன டிஏசி பெட்டி வாங்கி நடுவில் வைக்கலாம். அந்த டிஏசிக்குப் பவரை மட்டும் டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுத்துவிடாதீர்கள், யுஎஸ்பியின் கவசம் வழியாக அதே வளையம் திரும்பி வந்துவிடும். தனி ஃபோன் சார்ஜரில் மாட்டுங்கள்.

லேப்டாப்பில் பாட்டு போடுபவர்கள் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பேட்டரியில் அமைதி, சார்ஜரில் இரைச்சல் என்றால் வேறு சோதனையே வேண்டாம். பேட்டரியில் கேளுங்கள், அல்லது ப்ளூடூத் ரிசீவர் போடுங்கள், ஒலித்தரம் பற்றி யாராவது சண்டைக்கு வந்தால் இரைச்சலைவிட அது மேல் என்று சொல்லிவிடுங்கள்.

ஓரத்தில் தனியாக நிற்கும் பவர்டு சப்வூஃபர் (சொந்த ஆம்ப் உள்ள பேஸ் ஸ்பீக்கர்) வேறு சாக்கெட்டில் இருக்கும், நீள ஆர்சிஏ வயர் ஓடும், அதனால் வளையமும் பெரிதாக இருக்கும். அதையும் அதே எக்ஸ்டென்ஷனுக்குக் கொண்டுவர முடியாவிட்டால் ஆர்சிஏ ஐசொலேட்டர் ஒன்று போடலாம். உள்ளே இருப்பது சின்ன டிரான்ஸ்ஃபார்மர், சிக்னல் காந்தம் வழியாகத் தாண்டும், வயர் தொடர்பு இருக்காது. ஆனால் கார் ஸ்டீரியோ கடையில் கிடைக்கும் மலிவான ஐசொலேட்டரின் டிரான்ஸ்ஃபார்மர் ரொம்பச் சின்னது, ஆழமான பேஸில் திணறும், அதாவது சப்வூஃபருக்கு எது தேவையோ அதைத்தான் அது முதலில் தின்னும். டிவிக்கு, ரேடியோவுக்கு மலிவானது போதும். சப்வூஃபருக்கு நல்லதாக வாங்குங்கள், அல்லது சாக்கெட்டை மாற்றுங்கள்.

இரண்டு பின் எட்டு வடிவ வயரில் ஓடும் பெட்டிகளுக்கு எர்த்தே கிடையாது, பின்னால் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும். அவற்றிலும் லேசாக இரைச்சல் வந்தால், பெட்டிப் பக்கத்தில் அந்த எட்டு வடிவ முனையைத் திருப்பிச் சொருகிப் பாருங்கள். நம் சுவர் பிளக்கைத் திருப்ப முடியாது, அந்த முனையைத் திருப்பலாம். சில சமயம் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இதற்கு நேர் எதிரான கேஸும் உண்டு. வளையம் இல்லை, எர்த்தே இல்லை. ஜார்ஜ்டவுன் பக்கம் பழைய கடைவீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் வயர் வந்திருக்காது. ஆம்ப் உடலில் விரலை லேசாக ஓட்டினால் விறுவிறுக்கும், தொட்டால் இரைச்சல் குறையும். மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், சொருகினால் எர்த் இருக்கிறதா என்று சொல்லிவிடும். இல்லையென்றால் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிந்த வயர்மேனைக் கூப்பிடுங்கள். “எர்த் வரவில்லை அண்ணே, டிபியிலிருந்து பார்த்துக் கொடுங்கள்” என்றாலே அவருக்குப் புரியும். டிபி பாக்ஸை (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி) நீங்கள் திறக்க வேண்டாம்.

இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு

லோரோங் கூலிட் சந்தையில் பழைய தட்டு, பழைய பிளேயர் என்று பொறுக்குகிறவர்கள் அதிகம், இரைச்சல் பற்றிக் கேட்பவர்களிலும் இவர்கள்தான் அதிகம். காரணம் இருக்கிறது. சிடி பிளேயர் சுமார் 2 வோல்ட் கொடுக்கும். எம்எம் வகைக் காட்ரிஜ் (முள்ளின் அசைவைக் கரண்டாக மாற்றும் பாகம்) கொடுப்பது 5 மில்லிவோல்ட் அளவு, அதில் 400ல் ஒரு பங்கு. இசைத்தட்டுக்கென்றே இருக்கும் ஃபோனோ பகுதி அதை 40 டெசிபெல், அதாவது 100 மடங்கு பெருக்கும். அதுவும் 1000 ஹெர்ட்ஸில். தட்டில் பேஸைக் குறைத்துத்தான் பதிந்திருப்பார்கள், திரும்பக் கேட்கும்போது ஆர்ஐஏஏ என்ற பொதுக் கணக்குப்படி ஏற்றுவார்கள், அந்த ஏற்றம் 50 ஹெர்ட்ஸில் இன்னொரு 17 டெசிபெல். ஆக நம் மின்சாரத்தின் அந்த 50 ஹெர்ட்ஸ் உள்ளே நுழைந்தால் சுமார் 700 மடங்கு பெரிதாகி வரும். டர்ன்டேபிளில் துளி இரைச்சல்கூட இருக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை, ஆனால் பாட்டை மூடும் இரைச்சல் என்றால் காரணம் இருக்கும்.

பிளேயரிலிருந்து ஆர்சிஏவோடு ஒரு மெல்லிய தனி வயர் வரும், முனையில் யூ வடிவக் கொக்கி. அது ஆம்ப்பின் பின்னால் இருக்கும் எர்த் திருகில் இறுக்கமாக இருக்க வேண்டும். செகண்ட்ஹேண்டில் வாங்கினதில் பாதிக்கு அது அறுந்து போயிருக்கும், எதற்கென்று தெரியாமல் வெட்டியும் விட்டிருப்பார்கள். டோன்ஆர்மின் (முள்ளைத் தாங்கும் கை) உலோகத்தைத் தொட்டால் சத்தம் குறைகிறதா? எர்த் வரவில்லை என்று அர்த்தம். சில பிளேயர்களில் எர்த்தை உள்ளேயே ஆர்சிஏ கவசத்தோடு சேர்த்திருப்பார்கள், அவற்றுக்கு அந்தத் தனி வயர் தேவையில்லை, மாட்டினால் வளையமாகிவிடும். அதனால் மாட்டியும் கேளுங்கள், கழற்றியும் கேளுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் பலமாக இரைந்தால் காட்ரிஜின் பின்னால் நாலு கலர் வயர்களைப் பாருங்கள். வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. ஒன்று கழன்றிருந்தாலும், கிளிப் தளர்ந்திருந்தாலும் அந்தப் பக்கம் இரையும். முள்ளைப் பத்திரப்படுத்திவிட்டு, ஆம்ப்பை அணைத்துவிட்டு, டுவீசரால் மெதுவாகத் தள்ளுங்கள்.

இன்னொரு சோதனை: முள்ளைத் தட்டில் வைக்காமல், மோட்டார் ஓட, ஆர்மைக் கையால் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்துங்கள். நகர நகர இரைச்சல் ஏறினாலோ இறங்கினாலோ, காட்ரிஜ் ஏதோ ஒரு காந்தப்புலத்தைப் பிடிக்கிறது: பிளேயரின் மோட்டார், அடியில் வைத்த ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர், பக்கத்தில் இருக்கும் அடாப்டர். ஆம்ப்பின் மேல் பிளேயரை அடுக்குவது பார்க்க அழகு, கேட்க அல்ல. இரண்டடி தள்ளி வைத்தால் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறையும், எந்த எர்த் வேலையாலும் இது சரியாகாது.

பின்னால் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும் புதுப் பிளேயர்களில், லைனில் வைத்து ஆம்ப்பின் ஃபோனோவில் மாட்டினால் இரண்டு முறை பெருக்கப்பட்டுச் சத்தம் கிழியும், இரைச்சலும் கூடும். ஒன்றை மாற்றுங்கள். வால்யூம் ஏற்ற ஏற்ற ஊளையிட ஆரம்பித்தால் அது கரண்டு இரைச்சல் இல்லை, ஸ்பீக்கரின் அதிர்வு முள்ளுக்குத் திரும்பி வருகிறது, மரத்தளமுள்ள வீடுகளில் சகஜம். பிளேயரையும் ஸ்பீக்கரையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

வெளியிலிருந்து வருவதும், பெட்டியே உறுமுவதும்

சில நேரம் மட்டும் வந்து போகும் இரைச்சலுக்கு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். விளக்கு டிம்மர், எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்இடி பல்பு. ஒவ்வொன்றாக அணைத்துக் கேட்டால் பிடிபடும். டிம்மரை முழுதாக ஏற்றினால் சத்தம் குறைந்து, பாதியில் வைத்தால் கூடினால் அதுவேதான். மின்வயரும் சிக்னல் வயரும் ஒன்றாகக் கட்டிக் கிடந்தால் பிரியுங்கள், குறுக்கே போக வேண்டியிருந்தால் நேர்கோணத்தில் போகட்டும்.

ஆம்ப் பெட்டியே உறுமுகிறது, ஸ்பீக்கர் அமைதி என்றால் டிரான்ஸ்ஃபார்மர் அதிர்கிறது. யாராவது ஹேர்டிரையரைப் பாதிச் சூட்டில் ஓட்டும்போது மட்டும் உறுமினால் பயப்பட வேண்டாம், சில மாடல்கள் பாதி அலையை மட்டும் இழுப்பதால் மின்சாரத்தில் கொஞ்சம் டிசி கலக்கும், வட்டமான டொராய்டு டிரான்ஸ்ஃபார்மருக்கு அது ஆகாது. ஹேர்டிரையர் நின்றால் இதுவும் நிற்கும்.

ஜப்பான் பழைய ஆம்ப் வாங்கினவர்கள் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 100 வோல்ட் என்று இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் ஸ்டெப்டவுன் (வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) பெரும்பாலும் 110 வோல்ட் கொடுக்கும், அதாவது பத்து சதவீதம் கூடுதல், டிரான்ஸ்ஃபார்மர் சூடாகி உறுமும். 100 வோல்ட் கொடுக்கும் ஸ்டெப்டவுனைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஸ்டெப்டவுனையும் டர்ன்டேபிளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அமெரிக்கச் சாமானில் 60 ஹெர்ட்ஸ் மட்டும் எழுதியிருந்தால், வோல்ட்டைச் சரிசெய்தாலும் 50 ஹெர்ட்ஸில் அது அதிகம் உறுமும், அதிகம் சூடாகும்.

கடைசியாக, எல்லாம் கழற்றியும், வால்யூம் சுழியத்திலும், இரண்டு ஸ்பீக்கரிலும் 100 ஹெர்ட்ஸ் முரட்டுச் சத்தம் நின்றபாடில்லை என்றால் பவர் சப்ளையின் பெரிய கபாசிட்டர்கள் காய்ந்துவிட்டன என்று சந்தேகப்படலாம். 70களிலும் 80களிலும் வந்த ஆம்ப்களுக்கு இது வயசுக் கோளாறு. பத்து டிகிரி சூடு கூடினால் இவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு, நம் வெயிலில் கதவு மூடின அலமாரிக்குள் ஆம்ப்பை அடைத்து வைத்தால் சொல்லவே வேண்டாம். இதை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அவை கரண்டைப் பிடித்து வைத்திருக்கும், வால்வ் ஆம்ப்பில் அது 300, 400 வோல்ட்.

கோலாலம்பூரில் ஜாலான் பாசார் பக்கம் உதிரிப்பாகம் கிடைக்கும், பழுது பார்ப்பவரையும் அங்கேயே விசாரிக்கலாம். ஆம்ப்பை அவரிடம் கொடுக்கும்போது வெறுமனே “இரையுது” என்று சொல்லாமல், ஒரு தாளில் எழுதி மேலே ஒட்டிக் கொடுங்கள்: எந்த வயரும் மாட்டாமல் வருகிறதா, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, வால்யூமோடு மாறுகிறதா, போட்டவுடன் வருகிறதா, சூடான பிறகா. ஜப்பான் ஆம்ப் என்றால் 100 வோல்ட் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி, பிளக்கின் மேலேயே டேப் போட்டு ஒட்டுங்கள், அவசரத்தில் யாராவது நேராக 230ல் சொருகிவிடுவார்கள்.